கேட்ட ஆள் எழும்போணும்

செய்தி வந்தபோது நான் அரிசி கழுவிக்கொண்டிருந்தேன். எங்கள் பயிற்சி நிலையத்து ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி விழுந்தது. மெர்லின் மிஸ் இன்று காலை ஆஸ்பத்திரியில் காலமானார், மற்ற விபரங்கள் பின்னர். வாசித்தேன். கையைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை வாசித்தேன். அரிசியை உலையில் போட்டு, மூடி, நெருப்பைக் குறைத்தேன். அதற்குள் அந்த வரிக்குக் கீழே கும்பிடும் கைகளின் படங்கள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கிவிட்டன. நான் மெர்லின் அக்காவின் பெயரைத் தேடி அழுத்தினேன். நிலையத்தில் யாருக்கு என்ன நடந்தாலும் முதலில் அவருக்குச் சொல்வதுதான் என் பழக்கம். மணி போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்காதபோதுதான், யாருடைய சாவை யாருக்குச் சொல்லப் பார்க்கிறேன் என்பது எனக்கு உறைத்தது. அடுப்பை அணைத்துவிட்டுக் குசினித் தரையிலேயே இருந்துவிட்டேன்.

முப்பத்தோராம் நாளுக்கு அச்சடிக்கும் நினைவு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று அவருடைய மகன் ஜூட் கேட்டான். "அம்மாவப் பத்தி நல்லா எழுதித் தாங்க அன்டி" என்றான். அன்பின் சிகரம், பண்பின் உறைவிடம் என்று நான் எழுதினால் மெர்லின் அக்கா சவக்காலையில் இருந்து வந்து என் பேனையைப் பறித்துவிடுவார். அதனால் நடந்ததை எழுதுகிறேன். அவர்மேல் எனக்குள்ள கோபமும் இதில் இருக்கும். ஜூட்டுக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் அச்சுக்குக் கொடுக்கிறேன்.

உங்களில் பலர் அவரிடம் கணினி படித்தவர்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மட்டக்களப்பில், நாவற்குடாவில் ஒரு பயிற்சி நிலையத்தில் நாங்கள் இருவரும் அடுத்தடுத்த மேசைகளில் இருந்து படிப்பித்தோம். அவர் என்னைவிடச் சில வயது மூத்தவர். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னைப் புள்ள என்பார். கடலோரம் டச்பாரில் பிறந்த பறங்கிக் குடும்பத்துப் பெண். தகப்பன் தச்சர். அந்த வீட்டில் இருந்து கொஞ்சம் போர்த்துக்கேயச் சொற்கள் அவருடைய வாயில் மிச்சமிருந்தன. கணினி உறைந்து நின்றால் அந்தப் பாஷையில் ஏதோ முணுமுணுப்பார். என்னக்கா சொன்னீங்க என்று கேட்டால் செபம் சொன்னேன் என்பார். அது செபமில்லை என்பது அந்தக் கணினிக்கே தெரியும்.

புதிதாக வரும் வகுப்புக்கு முதல் பாடம் தரவும் தகவலும். புத்தகத்தில் இரண்டு வரியில் இருக்கிறது. ஒழுங்குபடுத்தாத விபரம் தரவு, அதை ஒழுங்குபடுத்திப் பொருள் விளங்கும்படி ஆக்கினால் தகவல். நான் அதை எழுதச் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். மெர்லின் அக்கா பலகையில் 103 என்று எழுதிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். "இது என்ன?" என்பார். வீட்டு நம்பர், பஸ் நம்பர், ஆஸ்பத்திரிக் கட்டில் என்று பிள்ளைகள் ஆளுக்கொன்று சொல்வார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். பிறகு ஒரு பிள்ளையைப் பார்த்து, அது அவளுடைய தம்பியின் காய்ச்சல் என்றும், வீட்டில் இருந்து இப்போதுதான் ஃபோன் வந்தது என்றும் சொல்வார். ஒரு முறை ஏறாவூரில் இருந்து வந்த ஒரு பிள்ளை, "உம்மா எடுத்தாவா மிஸ்?" என்று கேட்டபடி உண்மையிலேயே கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பிவிட்டாள். கதிரை சீமெந்துத் தரையில் இழுபட்டுக் கிறீச்சிட்டது. வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

"பாத்தீங்களா, எழும்பிட்டா. இப்பதான் இது தகவல். கேட்ட ஆள் எழும்போணும். எழும்பாட்டி அது இன்னும் தரவுதான், நீங்க எத்தின கலர்ல கிராஃப் போட்டாலும்."

சோதனையில் இப்படி எழுதினால் ஒரு புள்ளியும் விழாது என்று இடைவேளையில் நான் சண்டை பிடித்தேன். "புள்ளிக்குப் புத்தகத்தில உள்ளத எழுதட்டும். வீட்ட போக்குள்ள இதக் கொண்டுபோகட்டும்" என்றார். அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டதையும் நான் பார்த்தேன். தம்பியின் காய்ச்சலை இனி உதாரணத்துக்கு எடுப்பதில்லை என்று சொல்லி, பிறகு பூனையின் காய்ச்சல் என்று மாற்றினார். பூனைக்கு யாரும் எழும்பவில்லை என்பது வேறு விஷயம்.

அந்த வசனம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதை ஒரே ஒரு முறைதான் சொன்னார். மார்கழி மாதம், நல்ல மழை. கரண்ட் இல்லை. பிள்ளைகளை அனுப்பிவிட்டு நாங்கள் இருவரும் மழை விடும்வரை இருந்தோம். சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் குழந்தை ஜூட்டைத் தூக்கிக்கொண்டு பட்டணத்துக்குப் பூசைக்குப் போயிருந்தார். கணவர் டச்பாரில் வீட்டில் இருந்தார். அதன் பிறகு ஆஸ்பத்திரி முற்றத்தில் ஊரோடு ஊராக இவரும் காத்திருந்தார். பிரேதங்களுக்கு நம்பர் போட்டிருந்தார்கள். ஒருவர் வந்து நம்பரையும், ஆணா பெண்ணா என்பதையும், மதிப்பிட்ட வயதையும் சத்தமாக வாசித்துக்கொண்டு போனார்.

"நான் கேட்டுக்கொண்டுதான் இரிந்தன் புள்ள" என்றார். "அவர்ட நம்பரும் என்ட காதால போயிட்டு. நான் எழும்பல்ல. மறுகா ஒரு நேர்ஸ் பிள்ள வந்து, கையில மெர்லின் எண்டு பச்ச குத்தின ஒராள் கிடக்கார், ஆரும் இரிக்கிறீங்களா எண்டு கேட்டா. அப்பதான் எழும்பினன்."

மழை குறைந்ததும் குடையை எடுத்து விரித்துப் பார்த்து, கம்பி உடைந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு, ஜூட்டைப் பள்ளிக்கூடத்தில் இருந்து கூட்டிவரப் போனார்.

அதற்குப் பிறகு அவர் செய்த பல காரியங்கள் எனக்கு வேறு மாதிரி விளங்கின. ஒரு வருடம் மழையில் வாவித் தண்ணீர் ஏறிக்கொண்டு வந்தது. முகத்துவாரத்து மணல் திட்டை வெட்டி வெள்ளத்தைக் கடலுக்கு விடுவதா, இன்னும் பொறுப்பதா என்று வயல்காரரும் மீன்பிடிகாரரும் வழக்கம்போல இழுபறிப்பட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லோருடைய ஃபோனுக்கும் நீர்மட்டம் இத்தனை அடி என்று செய்தி வந்தபடி இருந்தது. பின்னேரம் வகுப்பு முடிந்ததும் மெர்லின் அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தன் வீட்டுக்குப் பின்னால் வாவிக் கரையோரம் இருக்கும் ஒழுங்கைக்குள் இறங்கினார். வேண்டாம் என்று தடுக்கப் போன நானும் கூடவே போக வேண்டியதாயிற்று. ஒரு வீட்டில் ஒருவர் வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டு இருந்தார்.

"மெசேஜ் வந்தது மிஸ், பாத்தன்" என்றார் அவர் நிமிராமலே.

"பாத்து?"

"நேத்தைக்கு விடக் கூடவாம்."

"கூட எண்டா உனக்கு எங்க வரும் எண்டு தெரியுமா? விடியிறதுக்குள்ள உன்ட அடுப்புக்கல்லு தாழும். போன வெள்ளத்தில படிக்கட்டோட நிண்டது, இந்த முற அடுப்பு."

அந்த மனிதர் வலையைப் போட்டுவிட்டு எழும்பினார். உள்ளே பார்த்து மனைவியைக் கூப்பிட்டார். அந்த ஒழுங்கை முழுக்க மெர்லின் அக்கா சொன்னது அதுதான், ஒரு வீட்டில் அடுப்பு, ஒரு வீட்டில் தொட்டில், ஒரு வீட்டில் சாமிப்படம். அன்றைக்கு அவர் சொன்ன இடத்துக்குத் தண்ணீர் வந்தது. அடுத்த வருடமும் இப்படியே எல்லோரையும் எழுப்பி மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார், தண்ணீர் வரவில்லை. அதே வலைக்காரர் சந்தியில் வைத்து, மிஸ்ஸிட பேச்சைக் கேட்டு நுளம்புக்கடியில் கிடந்ததுதான் மிச்சம் என்று ஏசினார். "கிடந்தா என்ன, உசிரோட வந்து ஏசுறாய்தானே" என்றார் இவர். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வலைக்காரருக்கும் வந்தது, ஆனால் அவர் காட்டிக்கொள்ளவில்லை.

என்னையும் அவர் விட்டுவைத்ததில்லை. என் மகள் கல்யாணம் முடித்துக் கனடாவில் இருக்கிறாள். ஒவ்வொரு ஞாயிறும் அவள் ஃபோன் எடுத்து என் பிரசரைக் கேட்பாள், நான் மேலே உள்ளதையும் கீழே உள்ளதையும் சொல்வேன். அவள் எழுதிவைத்துக்கொள்வாள். அதோடு கதை முடியும். இதை ஒரு நாள் வாய் தவறி மெர்லின் அக்காவிடம் சொல்லிவிட்டேன். "நீ என்ன வானிலை அறிக்கையா வாசிக்கிறாய்?" என்று பிடித்துக்கொண்டார். "படி ஏறக்குள்ள மூச்சு வாங்குது எண்டு சொல்லு. ராவைக்குத் தனியக் கிடக்கப் பயமாக் கிடக்கு எண்டு சொல்லு. நம்பரச் சொன்னா அவள் நம்பரத்தான் வெச்சிரிப்பாள்." அவள் அங்கே என்ன பாடுபடுகிறாளோ, இதையும் ஏன் சொல்வான் என்றேன். "அப்ப ஃபோன வை" என்று சொல்லிவிட்டு, தன்னுடைய சாப்பாட்டுப் பெட்டியில் இருந்து பொரித்த இறாலை என் தட்டில் போட்டார். அவருடைய ஏச்சு எப்போதும் சாப்பாட்டோடுதான் வரும்.

இனி எழுதப்போவதை எழுத எனக்கு விருப்பமில்லை.

அவருக்குச் சாப்பாடு இறங்காமல் போனது. அந்த இறால் பெட்டி வருவது நின்றது. மெலிய மெலியச் சேலைக் கொசுவத்தில் ஊசி கூடிக்கொண்டே போனது. கேட்டால் வாய்வு என்றார். ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனது நான்தான். இரத்தம், ஸ்கேன், இன்னொரு ஸ்கேன், சதை வெட்டிப் பரிசோதனை என்று நாட்கள் போயின. டொக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அடுத்த நாள் நிலையத்துக்கு வந்து, பையை மேசையில் வைத்துவிட்டு, "வயித்தில தொடங்கி ஈரலுக்கும் போயிட்டாம் புள்ள. வெட்டி எடுக்கவும் ஏலாதாம்" என்று எனக்குச் சொன்னார். யாருக்கோ பஸ் தவறிவிட்டது என்று சொல்வதைப் போலத்தான் சொன்னார். நான்தான் அழுதேன்.

ஜூட் அப்போது கட்டாரில் இருந்தான். குளிரூட்டி பூட்டும் வேலை. நெடுநாள் காத்திருந்து கிடைத்த வேலை, போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை.

"மகனுக்குச் சொல்லிட்டீங்களா அக்கா?" என்று கேட்டேன்.

"எல்லாம் அனுப்பிட்டன் புள்ள. ஒண்டையும் மறைக்கல்ல."

ஃபோனைத் திறந்து காட்டினார். எடுத்த ரிப்போட் ஒவ்வொன்றையும் நேராக வைத்து, நிழல் விழாமல், எழுத்துத் தெளிவாகத் தெரியும்படி படம் எடுத்து அனுப்பியிருந்தார். அந்த விஷயத்தில் அவர் ஆசிரியர்தான். ஒவ்வொன்றுக்கும் கீழே அவனுடைய பதில் இருந்தது. ஓகே அம்மா. மருந்த ஒழுங்காப் போடுங்க. சாப்பிட்டீங்களா. சிலவற்றுக்கு ஒரு பெருவிரல் படம் மட்டும்.

"அனுப்பியிருக்கிறீங்க. சொன்னீங்களா?"

"அவன் எனக்கிட்டப் படிச்ச பொடியன். பாத்தா விளங்கிக்குவான்."

"எனக்கே விளங்கல்ல. முழுக்க இங்கிலீசில, பக்கத்தில நம்பர். அவன் அங்க ஏசி பூட்டுறவன் அக்கா, டொக்டர் இல்ல."

அவர் ஃபோனை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனார். அன்றைக்குப் புதிய வகுப்பு. அடுத்த அறையில் இருந்து, இது என்ன, இது என்ன என்று அவர் கேட்பது எனக்குக் கேட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் என் வகுப்புப் பிள்ளைகள் அன்று காரணமில்லாமல் ஏச்சு வாங்கினார்கள்.

பிறகு அவர் ஆஸ்பத்திரி வாட்டில் படுத்துவிட்டார். அவருடைய மூத்த அக்கா றோசி கூட இருந்தா. நானும் வகுப்பு முடிந்து போவேன். ஜூட்டைக் கூப்பிடுங்கள் என்று நான் தொடங்கினாலே றோசி அக்கா என் கையைப் பிடிப்பா. "பொடியன் அங்க தனியக் கிடக்கான், மனசு உடைஞ்சிடுவான். பாப்பம்" என்பா. இது றோசி அக்கா மட்டும் சொல்வதில்லை. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு நாங்கள் ஒருவரும் கெட்ட செய்தியை நேராகச் சொல்வதில்லை. சாவு நடந்து முடிந்த பிறகும் கொஞ்சம் சீரியஸ் என்போம். அதை அன்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஒரு பின்னேரம் றோசி அக்கா தேத்தண்ணி வாங்கப் போன நேரம் பார்த்து நான் பொறுக்க மாட்டாமல் கேட்டேன். "ஊருக்கெல்லாம் என்னத்த அக்கா படிப்பிச்சீங்க? வலைக்காரனுக்கு அடுப்பு எண்டு சொன்னீங்க. பெத்த பிள்ளைக்கு நம்பர் அனுப்புறீங்க. அம்மா சாகப்போறன், வா மகன் எண்டு சொல்ல ஏலாதா?"

அவர் கோபிக்கவில்லை.

"நான் சொன்னா நானும் கேக்கோணுமே புள்ள" என்றார். பிறகு, "சொல்லியும் அவன் வராட்டி, அதையும் கேக்கோணும். இப்ப எண்டா, அவனுக்கு விளங்கல்ல எண்டு நினைச்சிக்கொண்டு கிடக்கலாம்" என்றார்.

நான் ஃபோனை எடுத்தேன். அவர் கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்தக் கையில் பிடிக்கும் பலம் இருக்கவில்லை. "நீ சொல்லாத. இது தாய்ட வேல. நான் கொஞ்சம் நல்லா இரிக்கக்குள்ள நானே எடுக்கிறன்" என்றார். நான் ஃபோனைக் கீழே வைத்தேன். அவர் நல்லாக இருக்கும் நேரம் ஒன்று பிறகு வரவேயில்லை. ஆனால் ரிப்போட் வரும்போதெல்லாம், தலையணையில் சாய்ந்தபடி, நிழல் விழாமல் படம் எடுப்பதை மட்டும் அவர் நிறுத்தவில்லை.

ஒரு நாள் மத்தியானம் அவர் என்னைப் பார்த்து, ஜூட் பள்ளிக்கூடத்தால் வந்துவிட்டானா, குடை கொண்டு போனானா என்று கேட்டார். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. நான் வாட்டை விட்டு வெளியே வந்து, படியில் நின்று அவனுக்கு எடுத்தேன்.

"ஜூட், வசந்தி அன்டி. அம்மா போகப்போறா. நீ வா."

"அன்டி, போன ரிப்போட்டில..."

"ரிப்போட்ட விடு மகன். வா."

அவன் பக்கத்தில் ஏதோ இரும்புச் சாமான் தரையில் விழுந்த சத்தம் கேட்டது. வாறன் என்றான். அவ்வளவுதான், அவனுக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை. ஆனால் கம்பனியில் கடவுச்சீட்டை வாங்கி, டிக்கெட் கிடைத்து அவன் புறப்படுவதற்குள் மெர்லின் அக்கா பேச்சை நிறுத்திவிட்டார். அவன் விமானத்தில் இருந்த காலையில்தான் எங்கள் குழுவில் அந்த வரி விழுந்தது.

றோசி அக்காவின் ஆட்கள் வான் பிடித்துக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போனார்கள். போகும்போதே, ஒருவரும் பொடியனுக்கு வாய் திறக்கக்கூடாது என்று பேசிக்கொண்டு போனார்கள். அங்கிருந்து மட்டக்களப்பு வரைக்கும் நாட்டைக் குறுக்கே கடந்து வர வேண்டும். வழி முழுக்க அவன் அம்மா எப்படி, அம்மா எப்படி என்று கேட்டுக்கொண்டே வந்திருக்கிறான். அப்படியேதான் மகன், அப்படியேதான் மகன் என்று சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார்கள். தேத்தண்ணிக் கடையில் நிறுத்தி அவனைச் சாப்பிடவும் வைத்திருக்கிறார்கள்.

எங்கள் நிலையத்தின் பெயரில் ஒரு பெரிய பதாகை அடித்து, ஒழுங்கை முகப்பில் கட்டியிருந்தோம். மெர்லின் அக்கா நீலச் சேலையில் சிரிக்கும் படம். கண்ணீர் அஞ்சலி என்று மேலே பெரிய எழுத்து, கீழே தோற்றம் ஒரு திகதி, மறைவு ஒரு திகதி. நான் வீட்டுப் படலையில் நின்றுகொண்டிருந்தேன். அடுத்த நாள் காலை வான் ஒழுங்கைக்குள் திரும்பியதும் நின்றது. ஜூட் இறங்கினான். பதாகைக்கு முன்னால் நின்றான். அவனுக்குப் பின்னால் இறங்கியவர்கள் ஒருவருடைய முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவன் அழவில்லை, கத்தவும் இல்லை. கீழே இருந்த திகதிகளைக் குனிந்து பார்த்தான். தன் தாய் செத்துவிட்டாள் என்பதை அந்தப் பிள்ளைக்குச் சொன்னது ஒரு பிளாஸ்டிக் சீலை.

அன்று பின்னேரம் சவக்காலையில் ஃபாதர் செபம் சொல்லி முடித்தார். எல்லோரும் மண் போட்டார்கள். ஜூட் முழங்காலில் நின்றவன் நின்றபடியே இருந்தான். ஆட்கள் கலையத் தொடங்கிவிட்டார்கள். நான் கிட்டப் போய்த் தோளைத் தொட்டு, "எழும்பு மகன்" என்றேன்.

"எல்லா ரிப்போட்டும் எனக்கிட்ட இரிக்கு அன்டி" என்றான். "ஒண்டொண்டாத் திறந்து பாத்தன். சிலதில சிவப்பால கோடு போட்டிரிந்தது. அம்மா மருந்து எடுக்கிறாதானே எண்டு நினைச்சன். பயமா இரிந்தா அம்மா சொல்லுவாதானே எண்டு நினைச்சன். என்ட அம்மா சொல்லுற ஆள்தானே அன்டி."

அவன் எழும்பவில்லை. கடைசியில் இரண்டு பேர் வந்து கமக்கட்டில் கை கொடுத்துத் தூக்கினார்கள்.

இதுதான் என் கோபம். மெர்லின் அக்கா, நீங்கள் எதையும் மறைக்கவில்லை என்று சொன்னீர்கள். அது உண்மை. ஒரு தாளையும் விடாமல் அனுப்பினீர்கள், அவனுக்கு ஒன்றையும் சொல்லவில்லை. ஊரில் யாராவது அப்படிச் செய்திருந்தால் உங்கள் செபத்தில் நாலு சொல் அவருக்கு விழுந்திருக்கும். உங்களுக்குப் பயம் இருந்திருக்கிறது. எங்கள் எல்லோரையும் போல உங்களுக்கும் இருந்திருக்கிறது. அதை நான் உங்களிடம் எதிர்பார்க்கவில்லை, அவ்வளவுதான். ஆஸ்பத்திரி முற்றத்தில் நம்பரைக் கேட்டு எழும்பாமல் இருந்த பெண், தன் மகனையும் அதே முற்றத்தில் இருக்க வைத்துவிட்டுப் போய்விட்டார். இதை நினைத்தால் எனக்கு நெஞ்சு எரிகிறது. உங்கள் மேசைக்கு இன்னும் ஒருவரையும் போடவில்லை. அந்தப் பக்கம் பார்க்காமல் படிப்பிக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

இதை வாசித்துக் காட்டியபோது ஜூட் இடையில் மறிக்கவில்லை. முடிந்த பிறகு, "இப்பிடியே போடுங்க அன்டி" என்றான். திரும்பக் கட்டாருக்குப் போவதா இல்லையா என்று அவன் இன்னும் முடிவெடுக்கவில்லை. ஃபோனில் அந்தப் படங்கள் எல்லாம் இருக்கின்றன. அழிக்கவும் மனமில்லை, திறக்கவும் மனமில்லை என்றான்.

என்னிடம் மிஞ்சியிருப்பது அவர் சொன்னது. அவர் செய்ததை அவரோடு மண்ணுக்குள் விட்டுவிட்டேன். போன ஞாயிறு மகள் வழக்கம்போல எடுத்தாள். பிரசர் என்ன அம்மா என்று கேட்டாள், பேனை மூடி கழற்றும் சத்தம்கூட எனக்குக் கேட்டது. பார்க்கவில்லை என்றேன். படி ஏற மூச்சு வாங்குகிறது, இரவில் தனியே படுக்கப் பயமாக இருக்கிறது, மெர்லின் அக்காவும் போய்விட்டா என்றேன். வார்த்தைக்கு வார்த்தை எனக்கும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது, அவர் பயந்தது சரிதான், அது லேசான காரியம் இல்லை. "எனக்கு உன்னப் பாக்கோணும் புள்ள. ஒருக்கா வா" என்றேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. அங்கே ஒரு கதிரை தரையில் இழுபட்டுப் பின்னால் போகும் சத்தம் கேட்டது.